இருபத்துநாலு பை, ஒரு கிஃப்டும் கிடையாது

கிஃப்ட் எதுவும் இல்ல. போதுமா?

டிசம்பர் வந்தா வீட்டுக்கு யார் வந்தாலும் இதே கேள்வி. ஹால் சுவத்துல தொங்குற துணியைப் பார்க்குறாங்க. நம்பர் போட்ட பைகளை விரல்ல லேசா தூக்கிப் பார்க்குறாங்க. "அட, நீங்களே தைச்சதா?" வரைக்கும் நல்லாத்தான் போகும். அடுத்தது, "ஒவ்வொண்ணுலயும் பசங்களுக்கு என்ன கிஃப்ட் வச்சிருக்கீங்க?"

சீட்டு வச்சிருக்கேன்னு சொன்னா முகம் மாறுது. அந்தச் சீட்டை எடுத்துப் பிரிச்சு, "அச்சு முறுக்கு அச்சை எண்ணெயில ஊறப்போடு"ன்னு படிச்சுட்டாங்கன்னா முடிஞ்சுது. எங்க பசங்க மேல ஒரு இரக்கப் பார்வை. போன வாரம் ஒருத்தங்க, "இவ்ளோ தைச்சும் ஒரு சாக்லேட்டுக்கு வழியில்லையா?"ன்னே கேட்டுட்டாங்க.

அந்த எரிச்சல்ல எழுதுறது இது. பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. கிறிஸ்மஸுக்கு முன்னால வர்ற நாலு ஞாயிறும் சேர்ந்தது திருவருகைக் காலம். அந்த நாளையெல்லாம் எண்ண டிசம்பர் 1ல இருந்து 24 வரைக்கும் தினம் ஒரு கதவோ, டப்பாவோ, பையோ திறக்குறதுதான் அட்வென்ட் காலண்டர். ஜெர்மனியில லூத்தரன் வீடுகள்ல ஆரம்பிச்ச பழக்கம். கதவுல சாக்பீஸால கோடு போட்டு தினம் ஒண்ணை அழிச்சுட்டு வருவாங்களாம். (செலவே இல்லாத மாடல். எனக்கு ரொம்பப் பிடிச்சது.)

இதை அச்சடிச்சு விக்க ஆரம்பிச்சவர்னு சொல்லப்படுறது கெர்ஹார்ட் லாங். மியூனிக்ல பிரஸ் வச்சிருந்தார், 1900களோட தொடக்கத்துல. அவர் சின்னப் பையனா இருந்தப்போ "கிறிஸ்மஸ் எப்போ, எப்போ"ன்னு அம்மாவை நச்சரிச்சிருக்கார். அந்தம்மா 24 குட்டி பிஸ்கட்டை ஒரு அட்டையில வச்சுத் தைச்சு மாட்டிவிட்டாங்களாம், தினம் ஒண்ணு பிய்ச்சுத் தின்னுக்கோன்னு. கவனிங்க. தைச்சு! மகன் பிரஸ் வச்சு பேர் வாங்கிட்டார். ஊசியும் நூலும் பிடிச்ச அம்மா பேரை யாரும் சொல்றதில்ல.

எங்க வீட்டுக்கு இது வந்தது பிரான்ஸ் வழியா. பாண்டியில பாதி கிறிஸ்தவ வீட்டுக்கு ஏதாவது ஒண்ணு பிரான்ஸ் வழியாத்தான் வரும். பென்ஷன் வரும், சீஸ் வரும், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வருவார். எங்களுக்கு வந்தது நாத்தனார் அனுப்புன சாக்லேட் காலண்டர். அட்டைப்பெட்டி, முன்னால பனி மூடுன வீடு, 24 குட்டிக் கதவு. சின்னவன் முதல் கதவைத் திறந்தான். உள்ள சாக்லேட் உருகி, மறுபடி இறுகி, வெள்ளை பூத்து உட்கார்ந்திருந்துச்சு. மணியா, மரமா, மாடான்னு கண்டுபிடிக்குறதே ஒரு விளையாட்டாப் போச்சு.

அது பரவாயில்ல. மறுநாள் பிள்ளையார் எறும்பு வந்துடுச்சு.

எறும்புக்கு மதபேதமெல்லாம் கிடையாது பாருங்க. ஒரு கதவுல நுழைஞ்சு பின்பக்கமாவே எல்லாக் கதவுக்கும் போயிடுச்சு. நாங்க தேதி பார்த்துத் திறக்கணும், அதுங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. பெட்டியை அப்படியே தூக்கி மொட்டை மாடியில வச்சேன். சின்னவன் அழுத அழுகையில எதிர்வீட்டு அக்கா ஓடி வந்துட்டாங்க.

அடுத்த வருஷம் தீப்பெட்டி. எல்லாக் காலிப் பெட்டியையும் சேர்த்து, வழவழ பேப்பர் ஒட்டி, அட்டையில வரிசையா ஒட்டி, மேல நம்பர். போட்டோவுல பார்க்க ஜோரா இருக்கும். ஆனா நவம்பர் மழையில பாண்டியில பசை காயுமா? கடல் காத்துல உப்பு டப்பாவே தண்ணி விடுற ஊர் இது. காலையில எழுந்து பார்த்தா தரையில நாலு, சுவத்துல மிச்சம். மறுநாள் தரையில எட்டு. பெரியவ அதையே எண்ணிட்டு, "அம்மா, இது தானா கவுன்ட்டவுன் பண்ணுது"ன்னா.

அப்புறம்தான் துணி.

துணின்னதும் எனக்கு ஒரு கிறுக்கு வந்துடும், சொல்லிடறேன். இந்த ஊரே துணியால வாழ்ந்த ஊர். நீலச்சாயம் போட்ட கினே துணின்னு ஒண்ணு இங்கயிருந்து கப்பல் கப்பலா ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கு. செனகல் நதிக்கரையில கருவேலம் பிசின் வாங்க அந்தத் துணியையே காசாக் கொடுத்திருக்காங்க. நம்மூர் நீலத்துணி அங்க பணம்! அப்புறம் மில்லுங்க. சவானா மில், ரோடியர் மில். ரோடியர் மில்னா ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ், 1898ல தொடங்குனது, 2020ல மூடியே போச்சு. 1936 ஜூலை 30ல சவானா மில் வேலைநிறுத்தத்துல சுட்டதுல செத்துப்போனவங்க 12 பேர். அதுக்கு அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலைன்னு இங்க சட்டம் வந்துச்சு. இப்போ அந்த மில்லு பக்கம் போனா செடிதான் முளைச்சிருக்கு.

அத்தை பெட்டியில ரோடியர் மில் துணி ஒண்ணு இருந்துச்சு. கனமான வெள்ளை, மெத்தை உறைக்குன்னு என்னைக்கோ வாங்குனது. அதைத்தான் பேஸ் துணியா எடுத்தேன். அத்தை ஒண்ணும் சொல்லல. "வெட்டுறதுக்கு முன்னாடி நனைச்சுடு"ன்னாங்க, அவ்ளோதான். ரொம்பச் சரி. காடாவோ எந்தக் கனமான பருத்தியோ, ஒரு ராத்திரி தண்ணியில போட்டு உலர்த்தி அயர்ன் பண்ணாம கத்தரிக்கோல் வைக்காதீங்க. தைச்ச அப்புறம் பேஸ் சுருங்கி, பை சுருங்காம இருந்தா, மொத்தமும் அலை அலையா நிக்கும். சிவப்புத் துணி எடுத்தா அதைத் தனியா நனைங்க.

பைக்கு வேண்டிய துணியை காந்தி வீதி ஞாயிறு சந்தையில எடுத்தேன். கொஞ்சம் வீட்டுல இருந்த வெட்டுத்துண்டு. மாமாவோட கைலி ஒண்ணு, அத்தையோட வாயில் புடவை ஒரு ஓரம். (உடனே "ஆஹா, நினைவுகளைத் தைச்சிருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க. கைலி நல்ல கட்டம் போட்டது, சாயம் போகல. அதான் காரணம்.) வாயில் மட்டும் ஓரம் பிரிஞ்சு தொல்லை. பின்னால ஃபியூசிங் கேன்வாஸ் வச்சு அயர்ன் பண்ணுனா அடங்கிடும்.

இப்போ அளவு. இதுக்காகத்தான் பாதிப் பேர் படிக்கிறீங்கன்னு தெரியும்.

36 பன்னாவுல ஒரு மீட்டர் பேஸ் துணி. வரிசைக்கு ஆறு பை, நாலு வரிசை. ஒவ்வொரு பையா வெட்டி, மடிச்சு, நாலு பக்கமும் பின் குத்தி ஒட்டுப்போடுற வழி ஒண்ணு இருக்கு. யூடியூப்ல எல்லாம் அதான் காட்டுறாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். மூணாவது பையிலேயே பொறுமை போச்சு. வரிசையும் கோணல்.

பக்கத்துத் தெரு டெய்லர் அண்ணன் பார்த்துட்டு, "ஏம்மா, பை தைக்காதீங்க, பட்டை தைங்க"ன்னார். அதான் விஷயமே. ஆறு துண்டை நீளமா ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ஒரே பட்டையாக்கிடணும். மேல் ஓரத்தை ஒரே ஓட்டத்துல மடிச்சு அடிச்சுடலாம். பேஸ் மேல வச்சு, அடியில ஒரு தையல், நடுவுல நேர் கோடு நேர் கோடாப் பிரிச்சு ஓட்டுனா ஆறு பை ரெடி. ஒரு பைக்கு வெளிய தெரியுற அகலம் 5 இஞ்ச். ஆனா துணி 7 இஞ்ச் விடணும். மிச்ச ரெண்டு இஞ்சை அடியில பாக்ஸ் பிளீட்டா மடிச்சுடணும். இல்லைன்னா பை சப்பையா சுவத்தோட ஒட்டிக்கும், உள்ள தபால் தலையைத்தான் வைக்கலாம். உயரத்துக்கு ஆறரை வெட்டுனா மடிப்பெல்லாம் போக 5 நிக்கும்.

நம்பரைப் பட்டையிலேயே போட்டுடுங்க, பேஸ்ல வச்சுத் தைக்குறதுக்கு முன்னாடி. அப்புறம் போட முடியாது. ஃபெல்ட்ல நம்பர் வெட்டி ஜிக்ஜாக் போடுறவங்க போடலாம். என்னோடது அத்தை காலத்து மிதி மெஷின், நேர்த் தையல் மட்டும்தான் தெரியும் அதுக்கு. அதனால எல்லா நம்பரும் கையாலதான், சங்கிலித் தையல்.

இந்தக் கைத்தையலுக்கு முன்னாடி ஒரு தப்பான காரியம் பண்ணக் கூடாது. ரொமேன் ரோலான் வீதியில குளூனி சிஸ்டர்ஸோட எம்பிராய்டரி சென்டருக்குப் போகக் கூடாது. நான் போனேன். கிட்டத்தட்ட இருநூறு வருஷமா இந்த ஊர்ல இருக்கிற சபை. அந்தப் பழைய வீட்டுல பொம்பளைங்க உட்கார்ந்து மேஜைத்துணி, நாப்கின்னு வெள்ளையில வெள்ளையா பூ போடுறாங்க. ஒண்ணைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் எதுன்னு தெரியல. வீட்டுக்கு வந்து என்னோட 7ஐப் பார்த்தேன். 1 மாதிரி இருந்துச்சு. அப்படியே விட்டாச்சு. இப்போ எங்க வீட்டுல அது 'சந்தேக நம்பர்'.

ரெண்டு எச்சரிக்கை சொல்லிட்டுப் போறேன். பிளீட் மடிப்பும் ஓரமும் சேர்ற இடத்துல துணி நிறைய மடிப்பா நிக்கும், சாதா ஊசி டக்குனு ஒடியும். 16ஆம் நம்பர் ஊசி போட்டு, அந்த இடத்துல காலை எடுத்துட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்க. மேல மாட்டுறதுக்கு மெல்லிசுக் குச்சி வேண்டாம், நடுவுல வளைஞ்சு தொங்கும். பழைய கர்ட்டன் ராடு நல்லா நிக்குது.

அப்புறம் ஒரு அழகான யோசனை வந்துச்சு எனக்கு. கோவில்ல நாலு ஞாயிறுக்கு நாலு மெழுகுவர்த்தி, மூணு ஊதா, மூணாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ். அதே மாதிரி ஞாயிறு வர்ற பைக்கு ஊதாத் துணி, ஒண்ணுக்கு ரோஸ் துணின்னு தைச்சா எவ்ளோ அம்சமா இருக்கும்! பெரியவகிட்ட சொன்னேன். அவ காலண்டரைப் புரட்டிட்டு, "அம்மா, அடுத்த வருஷம் ஞாயிறு வேற தேதியில வருமே"ன்னா.

வரும்ல! 2024ல ஞாயிறுங்க 1, 8, 15, 22. 2025ல முதல் ஞாயிறு நவம்பர் 30க்கே போயிடுச்சு, ரோஸ் ஞாயிறு 14. எந்த வருஷமும் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவுல எங்க வேணா விழும். அதனால ஒவ்வொரு பை மேலயும் ஒரு டிச் பட்டன், நாலு குட்டி ரிப்பன் பூ, மூணு ஊதா, ஒண்ணு ரோஸ். வருஷா வருஷம் கழட்டி இடம் மாத்திக்கலாம். நவம்பர்லயே ஞாயிறு வந்துட்டா அந்தப் பூ மேல ராடுல தொங்கும். இந்த டிச் பட்டன் யோசனைக்கு எனக்கு யாராவது ஒரு கைத்தட்டலாவது கொடுக்கலாம்.

சரி, உள்ள என்ன வைக்குறது?

இங்கதான் கிஃப்ட் கட்சிக்காரங்களோட எனக்குச் சண்டை. 24 நாள், ரெண்டு பசங்க. 48 சாமான். நேரு வீதியில போய் 48 குட்டிப் பிளாஸ்டிக் சாமான் வாங்குனா பொங்கலுக்குள்ள அத்தனையும் சோபாவுக்கு அடியில. தீனி வச்சா எறும்பு. அதுவும் இல்லாம, நம்ம வீட்டுல டிசம்பர்ல யாராவது சும்மா உட்கார்ந்து கிறிஸ்மஸ் வருமான்னு பார்த்துட்டா இருக்காங்க? வேலை கொட்டிக் கிடக்கு. அந்த வேலையெல்லாம் யார் தலையில? என் தலையில, அத்தை தலையில.

அதனால வேலையைப் பையில போட்டேன். தினம் ஒரு சீட்டு, ஒரு வேலை.

முதல்ல முணுமுணுப்புதான். ஆனா பையிலயிருந்து வந்தா அதுக்கு ஒரு மவுசு வந்துடுது பாருங்க. நான் வாயால "ஸ்டாரை எடுத்துத் துடை"ன்னா கேக்காத பையன், 6ஆம் நம்பர் பை சொன்னா கேக்குறான்.

ரெண்டாம் தேதி, உலர் திராட்சையை ரம்ல ஊறப்போடுறது. விவிக்கம் கேக்குக்கு. ரவை, வெண்ணெய், முட்டைன்னு போற நம்ம பாண்டி கேக், அதுல திராட்சை எவ்ளோ நாள் ஊறுதோ அவ்ளோ நல்லது. (பசங்க வேலை திராட்சையைக் காம்பு நீக்கி எண்ணிப் போடுறது மட்டும். ரம் டிப்பார்ட்மென்ட் மாமாவோடது. அவர் சீட்டு இல்லாமலே அந்த வேலையைச் செய்வார்.)

எட்டாம் தேதி சம்பா கோவில் திருவிழா. மிஷன் வீதியில நடக்கவே இடம் இருக்காது. அன்னைக்குச் சீட்டு, "வீட்டுல யாரும் சமைக்கக் கூடாது." இது மட்டும் நான் எனக்கே எழுதிக்கிட்டது.

கேழ்வரகுதான் ரொம்ப நாள் சரியா அமையல. குடிலுக்குப் பச்சைப் புல்லு வேணும்ல, தட்டுல மண் போட்டு கேழ்வரகு தூவி முளைக்க வைப்போம். நாத்தனார் சொன்னாங்க, தென் பிரான்ஸ்ல ப்ரோவான்ஸ் பக்கம் டிசம்பர் 4, புனித பார்பரா அன்னைக்கு கோதுமையைத் தட்டுல போட்டு முளைக்க வச்சு கிறிஸ்மஸ் மேஜையில வைப்பாங்கன்னு. ஊர் ஊரா ஒரே புத்தி! எனக்கு ஒரே சந்தோஷம். நாமளும் 4ஆம் தேதியே போடுவோம்னு சீட்டை 4ல வச்சேன். அங்க குளிரு, மெதுவா வளரும். இங்க? 20ஆம் தேதிக்கெல்லாம் நெடுநெடுன்னு வளர்ந்து, சாஞ்சு, அடியில பழுத்துப்போச்சு. இடையன் பொம்மை உள்ள காணாமப் போயிட்டான். இப்போ அந்தச் சீட்டு 14க்கு மாறிடுச்சு.

10ஆம் தேதி: "டெய்லர் அண்ணன்கிட்ட போய் பிளவுஸ் ஆச்சான்னு கேள்." 15ஆம் தேதி: "டெய்லர் அண்ணன்கிட்ட போய் பிளவுஸ் ஆச்சான்னு கேள்." 21: அதே. (அண்ணா, பட்டை ஐடியா கொடுத்தீங்க, மறக்கல. ஆனாலும் பிளவுஸ்?)

நடுவுல அரையாண்டுப் பரீட்சை வந்துடும். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பையில, "ஒண்ணும் இல்ல. போய்ப் படி." பெரியவ அந்தச் சீட்டைப் பின்பக்கம் திருப்பி, "எனக்குத் தெரியும்"னு எழுதி திரும்பப் பையிலயே போட்டு வச்சிருந்தா.

16ஆம் நம்பர் பையில கோலமாவு. அன்னைக்கு வாக்குலதான் மார்கழி பிறக்கும். எதிர்வீட்டு அக்கா விடியக்காலையில பெரிய கோலமாப் போடுவாங்க, எங்க ரெண்டும் போய்க் கலர் அடிச்சுட்டு வரும். அந்த அக்கா எங்க காலண்டரைப் பார்த்துட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "முப்பது இல்லையா?"

அவங்களுக்குத் திருப்பாவை. முப்பது பாட்டு, மார்கழியில நாளுக்கு ஒண்ணு. முன்னாடியே அடுத்ததுக்குத் தாவ முடியாது, வரிசைதான். 27ஆம் நாள் கூடாரவல்லி, அன்னைக்கு அக்காரஅடிசில். நெய் வழியும். எங்க வீட்டுக்கும் ஒரு டம்ளர் வரும். யோசிச்சுப் பாருங்க, அந்த ஜெர்மன்காரர் பிரஸ்ஸுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே நம்மூர்ல ஒரு பொண்ணு நாள் கணக்குல பாடி வச்சுட்டுப் போயிட்டா. அதுவும் பொங்கல் பையை 27லதான் வச்சிருக்கா. அதுவரைக்கும் குளி, எழுப்பு, கூப்பிடு, நடன்னு வேலைதான். எனக்கு முன்னோடி இருக்காங்கன்னு அன்னையில இருந்து தெம்பாத்தான் பேசுறேன்.

முதல் வருஷம் திறப்பு விழாவைச் சொல்லலையே. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. விடிஞ்சா டிசம்பர் 1, திருவருகைக் கால முதல் ஞாயிறு. கரென்ட் இல்ல, தெருவுல முழங்கால் தண்ணி, பூசைக்குப் போக வழியில்ல. கிருஷ்ணா நகர் பக்கம் ராணுவம் வந்து ஆளுங்களை மீட்டுட்டு இருக்கு. சின்னவனுக்கு மட்டும் ஒரே கவலை, "ஒண்ணாம் நம்பர் திறக்கணும்."

திறந்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பெரியவ படிச்சா. "மாடிக்குப் போய் ஸ்டார் கட்டு."

அத்தை சிரிச்ச சிரிப்புல பயந்துட்டோம். மூச்சு வாங்குற அளவுக்குச் சிரிச்சாங்க. அன்னையில இருந்து தனியா ஒரு கவர்ல மழைச் சீட்டுன்னு கொஞ்சம் வச்சிருக்கேன். "குடில் பொம்மைக்கு உடைஞ்ச காதை ஒட்டு", "பாரீஸ் அத்தைக்கு போன் பண்ணு (நாலரை மணி நேரம் கழிச்சுப் பார்த்துப் பண்ணு, தூங்குவாங்க)", இப்படி. வானிலை அறிக்கை பார்த்து ராத்திரியே மாத்தி வச்சுடுவேன்.

24ஆம் நம்பர் பைக்கு மட்டும் தனி அளவு. அதுல சீட்டு கிடையாது, குழந்தை யேசு சுரூபம்தான். குடில்ல மாடு, ஆடு, சூசையப்பர், மாதா எல்லாம் முன்னாடியே வந்துடுவாங்க, தொட்டி மட்டும் காலியா இருக்கும். நடுராத்திரிப் பூசை முடிஞ்சு வந்து, அந்தப் பையிலயிருந்து எடுத்து வைக்கணும். எங்க சுரூபம் கையை விரிச்சுட்டு இருக்கும், அத்தை கல்யாணத்துக்கு வந்தது, ஒரு விரல் ஏற்கெனவே போயிடுச்சு. அதனால அந்தப் பைக்கு 9 இஞ்ச் துணி விட்டு ஆழமா பிளீட் வச்சு, உள்ள ஃபிளானல் லைனிங் கொடுத்திருக்கேன். நீங்க தைக்குறதா இருந்தா முதல்ல உங்க வீட்டுச் சுரூபத்தை அளந்துக்கோங்க.

யார் திறக்குறதுங்குற சண்டை? இப்போ ஒத்தைப்படை பெரியவ, ரெட்டைப்படை சின்னவன். ஞாயிறெல்லாம் அத்தைக்கு. அவங்களா கேட்டு வாங்கிக்கிட்டாங்க. 24 ரெட்டைப்படைங்கறது பெரியவளுக்கு லேட்டாத்தான் உறைச்சுது. அந்த வழக்கு இன்னும் நடக்குது.

விலைக்குத் தைச்சுத் தருவீங்களான்னு கேட்டவங்களுக்கு: மாட்டேன். அளவெல்லாம் மேல இருக்கு. தைக்கத் தெரியாதவங்க சாக்பீஸ் கோடு போட்டுக்கோங்க.

இப்போ அத்தை புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. தவக்காலத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். நாப்பது பை. ரோடியர் துணி இன்னும் ரெண்டு மீட்டர் இருக்குன்னு வேற எடுத்துக் காட்டுறாங்க. நான் இன்னும் பதில் சொல்லல.